வேலையில்லாத சொற்கள்

ஈட்டிக்கொம்பையில் முதல் சொல் காற்றில் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், சடச்சி அத்தை வீட்டு அடுப்புக்கு ஒரு முழம் மேலே. அப்போது அடுப்பில் மொச்சை வெந்துகொண்டிருந்தது, யாரும் அழைக்காமலே ஒரு கோழி உள்ளே வந்து அரிசிப் பானையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தது, மருதி தன் கைப்பேசியின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, "தீக்கு நம்ம பேச்சுல என்ன அத்தை, சும்மா சொல்லுங்க," என்று கேட்டிருந்தாள்.

வினையெல்லாம் அந்தச் 'சும்மா'வில்தான் இருந்தது. ஈட்டிக்கொம்பையில் இருபத்திரண்டு வீடுகளும் ஒரு டீக்கடையும், வாரத்தில் ஒரு நாள் மட்டும் கதவு திறக்கும் ஒரு ரேஷன் கடையும், இரண்டு பேச்சுகளும் உண்டு. பஸ் கண்டக்டரிடமும் வாத்தியாரிடமும் வனத்துறையிடமும் பேசுவது சந்தைப் பேச்சு, அதாவது தமிழ். மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டுப் பேச்சு. அந்த வீட்டுப் பேச்சில் இதுநாள்வரை எவரும் எந்தச் சொல்லையும் சும்மா சொன்னதில்லை. தீ வேண்டும் என்றால் தீ என்றார்கள், பக்கத்துக் கூரையில் பற்றிக்கொண்டால் இன்னும் பலமாகச் சொன்னார்கள். சொல்லும் போய் வேலையை முடித்துவிட்டுத் தன் வழியே போய்விடும். சடச்சியோ அன்று தீயும் கேட்காமல், தீயைக் கண்டு பயப்படவும் செய்யாமல், பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பதைப்போல அந்தச் சொல்லை மட்டும் தனியே எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் போக இடம் தெரியவில்லை, நின்றுவிட்டது. அடுப்புப் பக்கம் தலையை நீட்டியவர்களின் காதில் தன்னையே சொல்லிக்கொண்டு நின்றது.

சடச்சி நிமிர்ந்து பார்த்தாள். "வேலையில்லாத சொல்லு. எங்க போகும் பாவம்," என்று சொல்லிவிட்டுக் கோழியை விரட்டினாள்.

மருதியும், சடச்சியின் மகன் போஜனும் கீழே நகரத்துக் கல்லூரியில் மொழியியல் முதுகலை இரண்டாம் வருடம். தங்கள் தாய்மொழியையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்படி பேராசிரியர் ஞானசிகாமணி சொல்லி, முந்நூற்றுச் சொச்சம் சொற்களின் பட்டியலையும் உறவுமுறைகளுக்கு ஓர் அட்டவணையையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். இருவரும் ஆர்வக்கோளாறில் அன்று சாயங்காலத்துக்குள் நூற்றுப்பத்துச் சொற்களைச் சேகரித்துவிட்டார்கள். நூற்றுப்பத்தும் அது அது சொல்லப்பட்ட இடத்திலேயே நின்றன.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை. பாம்பு என்ற சொல் குளியலறை வாசலில் நின்றதால் சிலர் இரண்டு நாள் குளிக்கவில்லை, அவர்களில் பாதிப்பேர் அதற்கு முன்பும் அவ்வளவாகக் குளித்தவர்கள் இல்லை. நாளைக்கு என்ற சொல் ரேஷன் கடைப் படியில் நின்றது, அதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா ஒரு வீட்டு நிலைப்படியில் மாமியார் என்ற சொல்லில் இடித்துக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். வீடுகள் சிறியவை. ஆளுக்கு ஆறு சொல் வாசலில் நின்றால் பாய் விரிக்கவும் இடம் இல்லை.

நின்ற சொற்களைப் போக்கும் வழியைக் கண்டுபிடித்தது சடச்சியின் கணவர் காடன். அவர் எதையும் தேடிக் கண்டுபிடிக்கிற ஆள் இல்லை. பீடிக்கு நெருப்பு வேண்டி, வந்த வேகத்தில் வீட்டுப் பேச்சில், "கொஞ்சம் தீ எடு," என்றார். அடுப்புக்கு மேலே மூன்று நாளாக நின்றிருந்த சொல் இறங்கி அவருடைய வாக்கியத்தில் ஏறிக்கொண்டு, சடச்சியிடம் போய், ஒரு கொள்ளிக்கட்டையோடு திரும்பி வந்து, அவ்வளவுதான், இடம் காலி. வேலை கொடுத்தால் சொல் போய்விடும் என்று ஊருக்குத் தெரிந்துபோனது.

அதன்பிறகு ஈட்டிக்கொம்பையில் ஒரே பேச்சுதான். பத்து வருடமாக டிவி பார்த்துச் சந்தைப் பேச்சில் சண்டை போட்டுப் பழகிய புருஷன் பெண்டாட்டிகள் வாசலைத் துப்புரவாக்குவதற்காக வீட்டுப் பேச்சில் சண்டை போட்டார்கள், சண்டையும் பழைய ருசியோடு இருப்பதாக ஒத்துக்கொண்டார்கள். மகளிர் குழுத் தலைவி தன் வீட்டுத் திண்டாட்டத்தைத் தீர்க்க, கூட்டத்தையே வீட்டுப் பேச்சில் நடத்தினாள். ஒரு மணி நேரக் கூட்டம் மூன்று மணி நேரம் ஆனது, ஏனென்றால் எல்லோருக்கும் சொல்ல விஷயம் இருந்தது. பேராசிரியரிடம் போனில் இதைச் சொன்னபோது அவர், "மொழிப் புழக்கம் கூடியிருக்குன்னு எழுதிக்கங்க," என்றார். மருதியும் எழுதிக்கொண்டாள்.

பட்டியல் நிரம்பிவிட்டது. மருதியின் பங்குக்கு வந்த உறவுமுறை அட்டவணையிலும் ஒரே ஒரு கட்டம்தான் காலி. அந்தக் கட்டத்தில்தான் மருதியின் உயிர் இருந்தது.

அந்த ஊரில் பெண் குழந்தைக்கு மூன்றாம் மாதம் பிறந்ததும் அப்பா அதை முழங்காலில் உட்கார வைத்து ஒரு கூப்பிடு சொல் கட்டுவார். அது பெயர் அல்ல. பெயரை ஊரே சொல்லலாம், பள்ளிக்கூடத்தில் தப்பாகவும் எழுதலாம். கூப்பிடு சொல்லை அப்பா மட்டுந்தான் சொல்லலாம், அந்த ஒரு மகளைப் பார்த்து மட்டுந்தான் சொல்லலாம். ஒருத்திக்குக் கட்டியது இன்னொருத்திக்கு வராது. அம்மா கேட்பாள், ஆனால் சொல்லமாட்டாள். அக்கம்பக்கத்தார் காதிலும் விழும், உடனே அவர்கள் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதைக் கேள்விப்பட்ட பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "மருதி, இதுதான் உங்க ஆய்வுக்கே முத்து. ஒண்ணே ஒண்ணாவது ஒலிப்பதிவோட வேணும். அது இல்லாம அட்டவணை முழுமையாகாது. முழுமையாகாதத நான் வாங்கிக்க மாட்டேன்," என்றார். வடக்கே பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு இடம் கேட்டு எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மருதிக்கும் ஒரு கூப்பிடு சொல் இருந்தது. ஐந்து வயதுவரை அவள் அப்பா நஞ்சன் அதைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார். அவளுக்கு அது நினைவில்லை. அதைக் கேட்டு ஓடியது நினைவிருந்தது, காலில் முள் குத்தியது, போய் அவர் மடியில் விழுந்தது நினைவிருந்தது, அந்தச் சத்தம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. அட்டவணைக்கு வேண்டும் என்று அவள் பேராசிரியரிடம் சொன்னது பாதி உண்மைதான். அவளுக்கே அது வேண்டியிருந்தது, வயிற்றுப் பசிபோல வேண்டியிருந்தது.

நஞ்சன் சொல்லாததற்குக் காரணம் அவர் மணிக்கட்டில் கிடந்தது. மலைத்தேன் எடுக்கப் போகிறவர்கள் கையில் நாரால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, வேலை முடியும்வரை ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது அந்த ஊர் வழக்கம். ஒருவர் பீடியை விடுவார், ஒருவர் கறியை விடுவார், மச்சானோடு போடும் சண்டையை விட்டவர்களும் உண்டு. வேலை முடிந்தால்தான் முடிச்சை அறுக்கலாம். பாறையில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பியவனுக்கு முடிச்சு அப்படியே இருக்கும். பதினேழு வருடத்துக்கு முன்னால் கீழேயிருந்து வந்த வாத்தியார், நல்ல மனிதர்தான், "வீட்டுலயும் பிள்ளைங்ககிட்டத் தமிழே பேசுங்க, இல்லாட்டி பின்தங்கிடுவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு அப்பாக்கள் உட்கார்ந்து யோசித்து, பிள்ளையின் படிப்பு முடியும்வரை அதனிடம் வீட்டுப் பேச்சு பேசுவதில்லை என்று முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த வேலைகளெல்லாம் முடிகிற வேலைகள். தேன் ஒரு மாதம், ராகி நாலு மாதம், கூரை மூன்று நாள். படிப்பு எப்போது முடியும் என்று அவர்கள் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை.

ஆறு பிள்ளைகள் எட்டாவதிலும் பத்தாவதிலும் திரும்பி வந்துவிட்டார்கள். ஆறு அப்பாக்களும் முடிச்சை அறுத்து, இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வீட்டுப் பேச்சில் திட்டித் தீர்த்தார்கள். போஜனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. முடிச்சுப் போட்ட அன்றைக்குக் காடன் சந்தையில் குடித்துவிட்டுப் படுத்திருந்தார், அதனால் போஜனுக்கு வீட்டுப் பேச்சு சுத்தமாக வரும். மருதி மட்டும் பாஸாகிக்கொண்டே போனாள். நார் இற்றுப்போகும்போதெல்லாம் நஞ்சன் புது முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் பழையதை எடுத்தார். வேட்டைத் தடுப்புக் காவலர் வேலையில் அவரோடு சுற்றிய மூன்று ரேஞ்சர்கள் அது ஏதோ வாத நோய்க்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அம்மா கெம்பி பேசியதால் மருதிக்கு எல்லாம் புரியும், சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவள்போலப் பேசவும் செய்வாள். அப்பாவிடம் மட்டும் தமிழ்தான். அவருக்கு அவள் 'பாப்பா'.

அப்பா தரமாட்டார் என்று தெரிந்ததால் மருதி மற்ற அப்பாக்களிடம் போனாள். டீக்கடைக் கரியன் கொஞ்சம் பெருமைப் பேர்வழி, காலேஜ் புஸ்தகத்தில் தன் பெயர் வரும் என்றதும் கைப்பேசியை வாங்கி வாயருகே வைத்து, தன் மகள் மாசியின் கூப்பிடு சொல்லைச் சொல்லியே விட்டார். அது டீக்கடை முன்னால் நின்றது. பஞ்சாயத்துக் கிளார்க் அதன் அடியில் உட்கார்ந்து வடை தின்றார். மதியத்துக்குள் மாசி வந்துவிட்டாள், கட்டிக்கொடுத்த ஊரான மேல்கூப்பிலிருந்து நாலு மைல் நடந்து, இடுப்பில் கைக்குழந்தையும் கையில் களி கிண்டிய கோலுமாக.

"எதுக்குப்பா கூப்பிட்ட?"

"நான் கூப்பிடலியே மாசி. நோட்டுக்காக, சும்மா..."

அவள் கடை வாசலில் நின்ற சொல்லைப் பார்த்தாள், அதன் அடியில் இருந்த கிளார்க்கைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்து அழுதாள். மருதி அவள் கண் முன்னாலேயே பதிவை அழித்தாள். காற்றில் நின்றதை அவளால் அழிக்க முடியவில்லை. கடைசியில் கரியன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளை அந்தச் சொல்லாலேயே கூப்பிட்டு, "உள்ள வா, சாப்பிட்டுப் போ," என்றார். அப்புறம்தான் அது போனது. அன்றிலிருந்து மற்ற அப்பாக்கள் மருதியைத் தூரத்தில் கண்டாலே வேலியைத் தாண்டிப் போனார்கள்.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம், அவள் நஞ்சனிடமே கேட்டாள். அவர் டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"அது இல்லாம என்ற படிப்பு முடியாதுப்பா."

"படிப்பு முடியாம அது இல்லயே பாப்பா." அவர் பேட்டரியை உள்ளே தள்ளினார். "நல்லா மாட்டிக்கிட்டோம்."

"ஒரே ஒரு தடவை சொல்லு. சும்மா."

"சும்மா சொன்னா வாசல்ல நிக்கும். உன்னக் கூப்பிடறது வேலையத்துப்போய் வாசல்ல நிக்கறத நான் பாக்கோணுமா?"

அவளுக்குக் கோபம் வந்தது. பதினேழு வருடத்தில் எத்தனை வேலை இருந்திருக்கும், காய்ச்சலில் கிடந்தபோது, விடுதிக்குப் போகும் பஸ்ஸில் ஏறியபோது, ஒரு தடவையாவது அவருக்கு நாக்குத் தவறியிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அதை அவரிடம் சொல்லத் தமிழ்தான் இருந்தது, தமிழில் அது சண்டைபோல ஒலிக்கும் என்று சொல்லாமல் எழுந்துபோனாள்.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது. அங்கே ஏற்கெனவே பதினாலு சொற்கள் நின்றதால் பாதிப்பேர் வெளியே உட்கார்ந்தார்கள். சடச்சி எழுந்து, மருதியைப் போஜனுக்குக் கட்டி வைத்துவிட்டால் படிப்பு தானாக முடிந்துவிடும் என்றாள். "அம்மா, நானும்தான் படிச்சிட்டிருக்கேன், என்னையும் யாராச்சும் கேளுங்க," என்றான் போஜன். நஞ்சனுக்கு நன்றாக ஊற்றிக்கொடுத்தால் தூக்கத்தில் சொல்லிவிடுவார், தூக்கத்தில் சொன்னது கணக்கில் வராது என்றார் காடன். அது அவர் பெரிதும் நம்பியிருந்த யோசனை, ஊற்றிக்கொடுக்கும் பொறுப்பையும் தானே ஏற்பதாகச் சொன்னார். ஊர் மூப்பர் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"படிப்பு முடியறதுன்னா என்ன? இங்க யாருக்காச்சும் தெரியுமா?"

எல்லோரும் போஜனைப் பார்த்தார்கள். "மேல மேல இருந்துக்கிட்டே இருக்குதுங்க மூப்பரே," என்றான் அவன்.

"அப்ப அந்த வாத்தியார் ஏன் சொல்லல?"

டீ வந்தது, குடித்தார்கள். நஞ்சன் கடைசிவரை மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தார். திரும்பி நடக்கும்போது கெம்பி மகளின் பக்கத்தில் வந்து, "மொதல் வருஷம் நீ ஆஸ்டலுக்குப் போனப்ப, தெனமும் வேலிக்கிட்டப் போய் நிப்பாரு. வாயைத் திறப்பாரு, மூடிக்குவாரு," என்று வீட்டுப் பேச்சில் சொன்னாள். அது சும்மா சொன்னதில்லை, அதனால் எதுவும் பின்னால் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மருதி கீழே போனாள். பேராசிரியர் ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், சந்தோஷப்பட்டார், உறவுமுறை அட்டவணைக்கு வந்ததும் நிறுத்தினார். தந்தை மகளை அழைக்கும் சொல் என்ற கட்டத்தில் அவள் 'இருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

"இது என்னம்மா?"

"இருக்குதுங்க சார். அதுக்கு மேல எழுதறதுக்கில்ல."

"யாரோ ஒருத்தரோடதாவது பதிவு பண்ணலாமே."

"பண்ணினேன் சார். ஒரு பொண்ணு நாலு மைல் நடந்து வந்து அழுதுச்சு. அழிச்சிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி விட்டால் அந்த நிறுவனத்துக்குத் தன்னால் எழுத முடியாது, அவர்கள் முதலில் கேட்பதே இந்தக் கட்டத்தைத்தான் என்று விளக்கினார். தெரியும் என்றாள் மருதி. அவர் அந்த ஒரு சொல்லை மறுபடி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடிதம் எழுதவில்லை.

அவள் ஊருக்கு வந்து இறங்கியபோது வெயில் இன்னும் மரங்களின் உச்சியில் இருந்தது. கெம்பி குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள், இப்போதெல்லாம் அந்தக் கூட்டம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. நஞ்சன் அடுப்பில் உலை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். கையெழுத்து ஆயிருச்சு. படிப்பு முடிஞ்சுருச்சுப்பா."

அவர் உடனே முடிச்சைத் தொடவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முடிஞ்சுருச்சா, நிறுத்திட்டியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். "இந்தப் படிப்பு முடிஞ்சுருச்சு. பாறையோட அடி வரைக்கும் எறங்கிட்டேன், பாதியில வரல. மேல படிக்கறதுக்கு இந்த வருஷம் எடம் கெடைக்காதுப்பா. அடுத்த வருஷம் வேற எடத்துல கேப்பேன். அது வேற தேனு. அதுக்கு வேற முடிச்சு."

"மறுபடி நான் கட்டோணுமா?" என்று கேட்டார் நஞ்சன். அவர் குரல் போன போக்கு அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ கட்ட வேண்டாம். அதுக்கு நான் கட்டிக்கறேன்." மூலையில் கிடந்த கூடையிலிருந்து ஒரு நாரை உருவித் தன் மணிக்கட்டில் சுற்றி, பல்லால் இழுத்து முடிந்தாள். "அந்தப் படிப்பு முடியற வரைக்கும் உன்கிட்டச் சந்தைப் பேச்சு பேச மாட்டேன்." இதுதான் அவள் அவரிடம் தமிழில் கடைசியாகச் சொன்னது.

நஞ்சன் இடுப்புக் கத்தியை எடுத்து நாரை அறுத்தார். பதினேழு வருடம் கிடந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வாயைத் திறந்தார், மூடினார். இவ்வளவு நாள் கழித்து எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து உலை பொங்கி மூடியைத் தள்ளியது. அவர் அவளைக் கூப்பிட்டு, "சோறு பொங்குது, எறக்கு," என்றார்.

என்ன நடந்தது என்று தெரியும் முன்பே மருதி எழுந்து ஓடியிருந்தாள். பானையை இறக்கி வைத்தபிறகுதான் கை சுட்டது தெரிந்தது, கண் நிறைந்திருப்பதும் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே புகை மட்டும்தான் இருந்தது. சொல் வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அவளுடைய கைப்பேசி பைக்குள் அணைந்து கிடந்தது.

இரண்டாவது தடவை அவர் கூப்பிட்டது கஞ்சி வடிக்க. அவள் வடித்தாள். மூன்றாவது தடவைக்கு அவர் அடுப்பைப் பார்த்தார், தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சொல்வதற்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. சும்மா கூப்பிட்டார்.

அதுவும் காற்றில் நிற்கவில்லை. நேரே அவளிடம் வந்தது, அவள் வீட்டுப் பேச்சில், "என்னப்பா," என்றாள்.